ஐம்பத்தாறும் அறுபத்தைந்தும்

கல்லூரியில் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் தப்பு மேடம். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கேட்பவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்ள இடம் உண்டு.

முதலாண்டுக்குப் புள்ளியியல் எடுப்பது என் வேலை. ஒவ்வொரு வகுப்பிலும் பலகையில் வேண்டுமென்றே ஒரு தப்புப் போடுவேன். எங்கே என்று சொல்ல மாட்டேன். வழிமுறையை எழுதாமல் விடையை மட்டும் எழுதிவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு யாராவது ஒருவன் பேனாவைக் கீழே வைப்பான். பக்கத்தில் இருப்பவளை முழங்கையால் இடிப்பான். அவள் தன் தாளைப் பார்ப்பாள், பலகையைப் பார்ப்பாள், பின்வரிசைக்குத் திரும்புவாள். அந்த முணுமுணுப்பு கடைசி பெஞ்சு வரை போய்த் திரும்பி வரும்போது அதற்குத் தைரியம் வந்திருக்கும். "மேடம், அது தப்பு!" கண்டுபிடித்தவர் கையில் மார்க்கரைக் கொடுத்துவிட்டு அவர் இடத்தில் நான் போய் உட்கார்ந்துகொள்வேன். அவர் திருத்தி முடிக்கும்வரை நான் மாணவி. வாயைத் திறக்கக் கூடாது.

இந்த வித்தையை எந்தப் பயிற்சி முகாமிலும் நான் கற்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் உண்மையாகவே தப்புப் போட்டு மாட்டிக்கொண்டேன். மானம் போனதுபோல் இருந்தது. ஆனால் அன்று வகுப்பு விழித்திருந்த மாதிரி அதற்கு முன் விழித்திருந்ததில்லை. மறுநாளிலிருந்து தப்பைத் திட்டம் போட்டுச் செய்ய ஆரம்பித்தேன்.

அந்த ஒரு மணி நேரத்தை விட்டால் எனக்குப் பேச்சுத்துணை குறைவு. மாடியில் அண்ணனும் அண்ணியும் அவர்கள் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கீழ்ப்பகுதி என்னுடையது. பிரியமானவர்கள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் சாப்பிட உட்காரும்போது நாற்காலிகள் இழுபடும் ஓசை என் தலைக்கு மேல் கேட்கும். எந்த நாற்காலி யாருடையது என்றுகூட என்னால் சொல்ல முடியும். அண்ணன் மகனுடையது மட்டும் கீறிக்கொண்டு நகரும். அந்த ஓசைக்கு நேர் கீழே என் தட்டை வைத்துக்கொண்டு நானும் உட்காருவேன். வாரத்துக்கு ஒருமுறை அண்ணி மேலே கூப்பிடுவார், போவேன். தினமும் கூப்பிட முடியாது என்பது அவருக்கும் தெரியும், தினமும் போக முடியாது என்பது எனக்கும் தெரியும்.

சென்ற ஆண்டு புதிய கொள்கை வந்தது. பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரு பாடத்துக்கு ஒரே காணொளி. பிள்ளைகள் வசதிப்பட்ட நேரத்தில் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். நேர்வகுப்புகள் படிப்படியாக நிற்கும். ஆசிரியருக்கு இனி 'கற்றல் வழித்துணை' என்று பெயர். வேலை போகாது, சம்பளம் குறையாது, வகுப்பு மட்டும் போய்விடும். நல்லது எதுவும் அதில் இல்லை என்று சொன்னால் அது பொய். வேலைக்குப் போகிறவர்கள், கைக்குழந்தைக்காரிகள், பக்கத்தில் கல்லூரியே இல்லாதவர்கள் என்று எத்தனையோ பேர் முதல்முறையாகச் சேர்ந்தார்கள். புள்ளியியலுக்கு மட்டும் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். என் வகுப்புக் கூடத்துக்கு நேரில் வந்தவர்கள் மூன்று பெஞ்சுக்குள் அடங்கிவிட்டார்கள்.

அந்த மூன்று பெஞ்சுக்காகத்தான் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து பேசினேன். எங்கள் டீன் என்னைவிட இளையவர், சிரித்த முகம். யாரையும் புண்படுத்தாமல் 'முடியாது' சொல்லத் தெரிந்தவர்.

"வீடியோ பாத்தா பிள்ளைங்களுக்குப் புரியாதுன்னு சொல்றீங்களா மேடம்?"

"புரியும் சார். ஆனா அதுல ஒரு தப்பு இருந்தா புடிக்க மாட்டாங்க. தலையாட்டிட்டுப் போயிடுவாங்க."

"தப்புக்குப் பேர் போனவங்க நீங்கதானே? அப்போ வீடியோலயும் ஒண்ணு போட்டு விட்டுடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு உட்காரப் போனேன். அவர் விடவில்லை.

"நெஜமாத்தான் சொல்றேன். பருவம் முடியறவரைக்கும் அது தப்புன்னு யாரும் எழுதலைன்னா, உங்க நேர்வகுப்பு வேணும்னு நானே மேலிடத்துல பேசி வாங்கித் தர்றேன். ஒருத்தர் புடிச்சுட்டாலும் வீடியோ போதும்னு நீங்க ஒத்துக்கணும். சரியா?"

"அதுவரைக்கும் நான் திருத்தக் கூடாதா?"

"திருத்தினா அப்புறம் சோதனை எங்க இருக்கு? கடைசி வாரம் திருத்திக்கலாம். அதுக்கு மார்க்கா போடப் போறோம்? யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்ல."

நஷ்டமில்லை என்றுதான் நானும் நினைத்தேன். ஒத்துக்கொண்டேன்.

காணொளிப் பதிவறை, முன்பு உடைந்த மேசைகளைப் போட்டு வைத்திருந்த அறை. சுவர் முழுக்கக் கறுப்புப் பஞ்சு ஒட்டியிருந்தார்கள். அதற்குள் நுழைந்ததும் என் காலடி ஓசை எனக்கே கேட்கவில்லை. கேமராக்காரர் என் வயதுக்காரர், கல்யாண வீடுகளில் படம் பிடித்துவிட்டு இங்கே வந்தவர். அதனால் எல்லோரையும் மணப்பெண்போல் நடத்துவார்.

"மேடம், அங்க எங்க பாக்கறீங்க? இங்க பாருங்க."

"இங்க யாரு இருக்கா?"

"யாருமில்ல. அதனாலதான் இங்க பாக்கணும். வேற எங்க பாத்தாலும் யாரையோ தேடற மாதிரி தெரியுது."

நான் பாடம் எடுத்தேன். நடுநடுவே பழக்கதோஷத்தில் "புரியுதா?" என்று கேட்டுவிட்டேன். கேமராவுக்குப் பின்னால் அவர் தலையாட்டினார்.

"உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"சத்தியமா இல்ல மேடம். யாராவது ஒருத்தர் ஆட்டணும்ல."

தப்புக்கான கணக்கை அங்கேயே, நின்ற இடத்தில் யோசித்துப் போட்டேன். ஒரு வகுப்பில் பத்துப் பேர், அவர்களுடைய சராசரி மதிப்பெண் எண்பது. இன்னொரு வகுப்பில் நாற்பது பேர், சராசரி ஐம்பது. இரண்டு வகுப்பையும் ஒன்றாகச் சேர்த்தால் மொத்தச் சராசரி என்ன? அவசரக்காரர்கள் எண்பதையும் ஐம்பதையும் கூட்டிப் பாதியாக்கி அறுபத்தைந்து என்பார்கள். பத்துப் பேரையும் நாற்பது பேரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. தலைக்கணக்குப் பார்த்துப் போட்டால் சரியான விடை வேறு. வகுப்பில் செய்வதுபோலவே வழிமுறையை விட்டுவிட்டு, 65 என்று மட்டும் பெரிதாக எழுதி, ஒன்றும் நடக்காததுபோல் மேலே போனேன்.

அதற்குப் பிறகு காத்திருந்தேன்.

பாடத்துக்குக் கீழே எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண் ஓடும். அது தினமும் ஏறியது. அதற்கும் கீழே பிள்ளைகள் எழுதலாம். எழுதினார்கள். சத்தம் கம்மியாக இருக்கிறது. படங்களைத் தனியாக அனுப்ப முடியுமா. தேர்வுக்கு இதில் எது வரும். ஒருவர் ரோஜாப்பூப் படம் போட்டிருந்தார். அறுபத்தைந்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதே நாட்களில் கூடத்தில் நான் போட்ட தப்புகளை மூன்று பெஞ்சுக்காரர்கள் மார்க்கருக்கு மூடி போடுவதற்குள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சந்தேகமே இல்லை, நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒவ்வொரு நாள் காலையிலும் அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது, யாராவது எழுதியிருக்கக் கூடாது என்று ஒரு மனமும், இத்தனை ஆயிரம் பேரில் ஒருவர்கூடவா என்னைக் கவனிக்கவில்லை என்று இன்னொரு மனமும் சேர்ந்தே திறக்கும்.

அண்ணி பார்த்தாராம்.

"பாதியில நிறுத்திட்டு அடுப்பைப் பாக்கப் போனேன். வந்து பாத்தா நீ வாயைத் தொறந்துட்டு நிக்கறே. அப்படியே படம் புடிச்சு உங்க அண்ணனுக்கு அனுப்பிட்டேன்."

"கணக்கு எப்படி அண்ணி?"

"கண்ணாடி நல்லா இருக்கு. புதுசா?"

வழித்துணைக்கு என்று எனக்கு ஒரு கடமை நேரமும் ஒதுக்கியிருந்தார்கள். நூலகத்துக்குப் போகும் வழியில் ஒரு கண்ணாடி அறை. பிற்பகலில் அங்கே காதுகவசம் மாட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார வேண்டும். சந்தேகம் உள்ளவர்கள் எங்கிருந்தும் இணைப்பில் வந்து கேட்கலாம். யாரும் வரவில்லை. திரையில் என் முகம் மட்டும் இருக்கும். கண்ணாடிக்கு வெளியே போகிற பிள்ளைகள் நான் யாருடனோ பேசுவதாக நினைத்து, தொந்தரவு செய்யாமல் மெதுவாகக் கையசைத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் நினைப்பைக் கெடுக்க வேண்டாம் என்று நான் சில சமயம் உதடுகளை அசைப்பேன். 'ஆமாம், ஆமாம்' என்று தலையையும் ஆட்டியிருக்கிறேன்.

பருவம் முடிய மூன்று வாரம் இருக்கும்போது ஒரு நாள் திரையில் இன்னொரு கட்டம் முளைத்தது. படம் இல்லை, கறுப்பு. கீழே பெயர் மட்டும்: புலிக்குட்டி.

"ஹலோ, மேடம்? கேக்குதா?" பெண் குரல்.

"கேக்குது, கேக்குது. சொல்லுங்க!" என் குரல் எனக்கே அதிகமாகத் தெரிந்தது.

"புலிக்குட்டின்னு காட்டும். அது என் பையன் வச்சுக்கிட்ட பேரு. அவன் ஃபோன்ல இருந்து பேசறேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

"என் பேருக்கு அது எவ்வளவோ தேவலைம்மா. என்ன சந்தேகம்?"

"சந்தேகம் ஒண்ணும் இல்ல மேடம். படிப்பை நிறுத்தறதுக்கு விண்ணப்பம் போட்டிருக்கேன். பாட ஆசிரியர் சம்மதம்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல நீங்க ஒரு டிக் போட்டுட்டா போதும். ரொம்ப நேரம் எடுக்க மாட்டேன். நீங்க பிஸியா இருப்பீங்க."

வெற்றுத் திரையைப் பார்த்தேன். "பிஸி எல்லாம் ஒண்ணுமில்ல. ஏன் நிறுத்தணும்?"

அந்தப் பக்கம் ஒரு குழந்தை எதற்கோ அலறியது. இன்னொன்று 'நான் இல்ல, அவன்தான்' என்றது. "ரெண்டு பேரும் வெளிய போங்கடா!" கதவு சாத்தும் ஓசை. பிறகு குரல் தாழ்ந்து வந்தது.

"எனக்குச் சின்ன வயசுல ஒரு கோளாறு மேடம். நம்பரை மாத்தி எழுதிடுவேன். பதினாறுன்னா அறுபத்தொண்ணுன்னு எழுதுவேன். ஸ்கூல்ல அதுக்காகப் பெஞ்சு மேல நின்னதுதான் அதிகம். அப்புறம் எப்படியோ சரியாப் போச்சு. கடையில பில் போடற வேலைதான் பாக்கறேன், ஒரு நாளும் மாறினதில்ல. அதை நம்பித்தான் திரும்பப் படிக்கலாம்னு சேந்தேன். இப்போ மறுபடியும் வந்துருச்சு."

"வந்துருச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"உங்க பாடத்துலதான் தெரிஞ்சுது. பத்துப் பேருக்கு எண்பது, நாப்பது பேருக்கு அம்பது. எனக்கு அம்பத்தாறு வருது. நீங்க அறுபத்தஞ்சு எழுதியிருக்கீங்க. அழிச்சு அழிச்சுப் போட்டேன். திரும்பத் திரும்ப அம்பத்தாறுதான். அஞ்சும் ஆறும் இடம் மாறுது, பாருங்க. அதே பழைய வியாதி."

எண்ணூறு, இரண்டாயிரம், கூட்டினால் இரண்டாயிரத்து எண்ணூறு. ஐம்பது பேருக்கு வகுத்தால் ஐம்பத்தாறு. சரியான விடையும் தப்பான விடையும் ஒன்றையொன்று திருப்பிப் போட்ட எண்கள். நின்ற இடத்தில் கணக்குப் போட்ட எனக்கு அது கண்ணில் படவே இல்லை. எத்தனையோ எண்களை எடுத்திருக்கலாம்.

"கண் டாக்டர்கிட்ட போனேன். கண்ணு நல்லாத்தான் இருக்குன்னாரு. அப்போ மூளைதானே? கடையில முதலாளிகிட்ட சொல்லி பில் போடறதை விட்டுட்டேன், இப்போ சாமான் அடுக்கறேன். ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் யாருக்காவது மாத்திப் போட்டுட்டா?"

"அம்மா, கொஞ்சம் நான் சொல்றதைக் கேளுங்க. அம்பத்தாறுதான் சரி."

"என்ன மேடம்?"

"உங்க விடைதான் சரி. நான் எழுதினதுதான் தப்பு."

"ஆறுதலுக்குச் சொல்றீங்க."

"இல்லம்மா. அதை வேணும்னே தப்பாப் போட்டேன். யாராவது புடிக்கறாங்களான்னு பாக்க."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று திரையைத் தட்டினேன்.

"வேணும்னேவா?"

"வகுப்புல எப்பவும் செய்யறதுதான். பிள்ளைங்க உடனே கண்டுபுடிச்சுச் சொல்லிடுவாங்க, அங்கேயே திருத்திடுவோம். அதே மாதிரிதான்..."

"வகுப்புல பக்கத்துல ஆள் இருக்கும் மேடம். உனக்கென்ன வந்துச்சுன்னு எட்டிப் பாத்துக்கலாம். நான் யார்கிட்ட கேப்பேன்? இந்த ஃபிரிட்ஜ்கிட்டயா?"

கையால் வாயை மூடிக்கொண்டேன்.

"சிரிக்கறீங்களா?"

"இல்லம்மா. சிரிக்கல."

"என்னை மாதிரி இன்னும் எத்தனை பேர் உக்காந்து அழிச்சு அழிச்சுப் போட்டுட்டு இருக்காங்களோ. நான் அழுதாவது உங்ககிட்ட வந்தேன்." மறுபடியும் கதவு திறந்தது, குழந்தைகளின் சத்தம் உள்ளே வந்தது. "டிக் போட வேண்டாம் மேடம். வேண்டவே வேண்டாம்னும் சொல்லல. யோசிக்கணும்."

கட்டம் மறைந்தது. போய் வருகிறேன் என்றுகூட அவள் சொல்லவில்லை. கண்ணாடிக்கு வெளியே யாரோ எனக்குக் கையசைத்தார்கள். பதிலுக்குக் கையைத் தூக்கினேனா என்று நினைவில்லை.

அன்று வீட்டில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் யோசித்தேன். பந்தயத்தின் சொற்படி பார்த்தால் தப்பை இன்னும் யாரும் பிடிக்கவில்லை. புலிக்குட்டி என் விடையைத் தப்பு என்று சொல்லவில்லை. தன்னைத்தான் தப்பு என்று சொன்னாள். அவளுக்கு உண்மையைச் சொல்லியாகிவிட்டது. மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் டீன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார், அந்தக் குணம் அவரிடம் உண்டு. மூன்று பெஞ்சு எனக்குக் கிடைக்கும். கடைசி வாரம் எல்லோருக்கும் திருத்தம் சொல்லிக்கொள்ளலாம். மூன்று வாரத்தில் என்ன குடி முழுகிவிடப் போகிறது?

மேலே நாற்காலிகள் இழுபட்டன. நான் தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். வகுப்பில் இத்தனை வருடமும் என் தப்பைத் திருத்தியது யார் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். தைரியசாலியான எந்த மாணவனும் அல்ல, நானும் அல்ல. அந்த முழங்கைதான். 'உனக்கும் இப்படித்தான் வருதா?' என்று ஒருவர் ஒருவரை இடிக்கிற இடி. அதைக் கூடத்திலேயே விட்டுவிட்டு, தப்பை மட்டும் தூக்கிக்கொண்டு போய் ஆயிரம் வீடுகளில் இறக்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தி ஃபிரிட்ஜைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். கடையில் ஒருத்தி சாமான் அடுக்குகிறாள். மூன்று வாரம் என்பது எனக்குச் சின்னக் கணக்கு. அவர்களுக்கு அது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

காலையில் நேராகப் பதிவறைக்குப் போனேன்.

"இன்னிக்கு உங்க பேரு பட்டியல்ல இல்லையே மேடம்," என்றார் கேமராக்காரர். "வேதியியல் சார் வர்ற நேரம்."

"அவர் வர்றதுக்குள்ள முடிச்சுடுவேன்."

"தலை சீவிக்கலையா? சரி, உக்காருங்க. இங்க பாருங்க, இங்க."

பார்த்தேன். முதல்முறை அந்தக் கேமராக் கண்ணாடிக்குள் யாரும் தெரியவில்லை. இந்த முறை தெரிந்தாள். முகம் தெரியாத ஒருத்தி, தன் மகனுடைய ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு.

"போன மாசம் போட்ட சராசரிக் கணக்குல விடை அறுபத்தஞ்சுன்னு எழுதினேன். அது தப்பு. அம்பத்தாறுதான் சரி. உங்களுக்கு அம்பத்தாறு வந்திருந்தா, நீங்க நம்பரை மாத்தி எழுதல. உங்க கண்ணும் நல்லாருக்கு, மூளையும் நல்லாருக்கு. தப்புப் போட்டது நான்தான். அதுவும் தெரிஞ்சே போட்டேன், நீங்க கண்டுபுடிக்கறீங்களான்னு பாக்க. பக்கத்துல ஆள் இல்லாத இடத்துல அப்படிப் பாத்திருக்கக் கூடாது. மன்னிச்சுக்கோங்க." பிறகு வழிமுறையை வரிவரியாக எழுதிக் காட்டினேன். எதையும் விடவில்லை.

பாடத்துக்கு மேலேயே அதைச் சேர்க்கச் சொல்லிவிட்டு, டீன் அறைக்குப் போனேன். அவர் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"இன்னும் மூணே வாரம் மேடம். ஜெயிச்சிருப்பீங்க."

"ஒரு அம்மா பில் போடற வேலையையே விட்டுட்டாங்க சார்."

"என்கிட்ட முதல்ல வந்திருக்கலாமே."

"வந்திருந்தா பொறுத்துக்கோங்கன்னு சொல்லியிருப்பீங்க."

கொஞ்சம் யோசித்தார். "சொல்லியிருப்பேன்," என்றார். பிறகு மேசை மீது இருந்த கண்ணாடி உருண்டையை உருட்டிக்கொண்டே, "நீங்களே கலைச்சுட்டீங்க. இனிமே மேலிடத்துல நான் என்ன சொல்லிக் கேக்கறது? அடுத்த பருவத்துல இருந்து கூடம் கிடையாது மேடம். அதையும் பதிவறை ஆக்கணும்னு உத்தரவு வந்து ரொம்ப நாளாச்சு. நான்தான் தள்ளிப் போட்டுட்டு இருந்தேன்," என்றார்.

தள்ளிப் போட்டது எனக்குத் தெரியாது. நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன்.

மறுநாள் பாடத்தின் பக்கத்தைத் திறந்தபோது கீழே இழுக்க இழுக்க எழுத்து வந்துகொண்டே இருந்தது. எனக்கும் 56தான் வந்துச்சு, மேடம் அவசரத்துல எண்ணை மாத்தி எழுதிட்டாங்கன்னு விட்டுட்டேன். எனக்கும் அதேதான். நான் 65-ஐ மனப்பாடம் பண்ணிட்டேன், இப்போ எப்படி மறக்கறது. என் அண்ணன்கிட்ட கேட்டேன், அவன் உனக்குக் கணக்கு வராதுன்னு சொல்லிட்டான், இப்போ போய்க் காட்டப் போறேன். நான் மட்டும்தான்னு நெனச்சேன். நான் மட்டும்தான்னு நெனச்சேன். ஒருவர் எழுதியதை இன்னொருவர் அப்படியே எழுதியிருந்தார், வெவ்வேறு ஊர்க்காரர்கள்.

அன்று மதியமே டீன் தொலைபேசியில் பிடித்தார். குரலில் பழைய உற்சாகம் திரும்பியிருந்தது.

"பாத்தீங்களா மேடம்? எல்லாரும் புடிச்சிருக்காங்க! ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கல, அவ்வளவுதான்."

"அந்த 'அவ்வளவுதான்'தான் சார் நான் கேட்ட வகுப்பு," என்றேன்.

அவர் பக்கம் யாரோ கதவைத் தட்டினார்கள் போல. பிறகு பேசலாம் என்று வைத்துவிட்டார். பிறகு பேசவில்லை.

கூடத்தில் கடைசி வகுப்பை வழக்கம்போல்தான் எடுத்தேன். விடைபெறும் பேச்சு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. அழுதுவிட்டால் மூன்று பெஞ்சுக்காரர்களும் பாவம், என்ன செய்வார்கள். மணி அடித்ததும் அவர்கள் பைகளை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு பெண் வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்து, "வர்றோம் மேடம்" என்றாள். ஆட்கள் வந்து பெஞ்சுகளைத் தூக்கும்வரை நான் அங்கேயே இருந்தேன். சுவரில் பஞ்சு ஒட்டுவதற்கு அளவெடுத்தவர், "நீங்க கொஞ்சம் தள்ளி நிக்கறீங்களா?" என்றார். தள்ளி நின்றேன்.

தேர்வுக்கு முந்திய வாரம் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தபோது திரையில் ஒரு கட்டம் வந்தது. பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் திரை நிறைந்துவிட்டது. எல்லாம் கறுப்பு. "யாருக்கு என்ன சந்தேகம்?" என்று கேட்டேன். யாரோ இருமினார்கள். அவ்வளவுதான். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நானும் சும்மா இருந்தேன்.

அப்போது கடைசியாக ஒரு கட்டம் சேர்ந்தது. புலிக்குட்டி.

"மேடம், நான்தான். திங்கள்கிழமைல இருந்து மறுபடியும் பில்லுக்கு உக்காரச் சொல்லிட்டாங்க."

"ரொம்ப சந்தோஷம்மா."

விண்ணப்பத்தைப் பற்றி அவள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

"என்ன இவ்வளவு பேர் இருக்காங்க, சாவு வீடு மாதிரி சத்தமே காணோம்? ஏங்க, யாராச்சும் இருக்கீங்களா? மாதிரித் தாள்ல ஏழாவது கணக்குக்கு உங்களுக்கெல்லாம் என்ன வருது?"

யாரோ மைக்கைத் திறந்து உடனே மூடினார்கள்.

"சரி, எனக்கு வந்ததை நான் சொல்றேன். பன்னெண்டு. சிரிக்கறவங்க மைக்கை மூடிக்கிட்டு சிரிங்க."

"எனக்குப் பதினாலு வருதுங்க," என்றது ஓர் ஆண் குரல், மிகவும் தயங்கி.

"எப்படிப் பதினாலு? எங்க ஆரம்பிச்சீங்க?"

"எனக்கும் பன்னெண்டுதான்க்கா," என்றது வேறொரு கட்டம்.

"அக்காவா? நான் அக்கான்னு எப்படித் தெரியும்?"

"பின்னால ரெண்டு பசங்க அடிச்சுக்கறது கேக்குது, அதான்."

யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். பதினாலுக்காரர் தன் வழிமுறையைச் சொல்ல ஆரம்பித்தார். நடுவில் ஒருவர் மறித்தார். இன்னொருவர், "இருங்க, அவரை முடிக்க விடுங்க" என்றார். ஊர் தெரியாத, முகம் தெரியாத குரல்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. ஏழாவது கணக்கின் விடை எனக்குத் தெரியும். யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் என் மைக்கை அணைத்துவிட்டு, அவர்கள் எங்கே போய்ச் சேருகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.